ரப்பர் வளையத்துக்கு அடியில் இருந்த ருசி

1.

இந்தக் கதை என் நாக்கில் பிறந்தது. ஆப்பிரிக்க நந்தி மலையில் எங்கள் பால்பண்ணையின் புளித்த பாலுக்கு முன்பெல்லாம் ஒரு ருசி உண்டு. புளிப்புக்குப் பின்னால் மெல்ல ஏறும் ஒரு கசப்பு. இப்போது அது இல்லை. அதற்காக இன்னும் ஏங்குகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"விடிகாலைப் பனியில் பால்வண்டிகள் ஊர்ந்து..." (இந்தத் தொடக்கம் வேண்டாம். பண்ணையில் குழாய் கழுவும் பெண் செப்தூவுக்குப் பனியைப் பார்க்க ஏது நேரம்?)

2.

பண்ணையில் பால் அடிக்கடி கெட்டதால் வால்வுகளை எல்லாம் கழற்றச் சொன்னார்கள். வெளியே பளபளவென்று இருந்த வால்வில், ரப்பர் வளையத்துக்கு அடியில் செப்தூவின் விரல் வழுக்கியது. கிருமிகள் கூடிக் கட்டிய படலம். மருந்துத் தண்ணீர் மேலோடு ஓடிவிடும். பிரஷ்ஷால் தேய்த்துக் கிழித்தால்தான் உள்ளே இறங்கும். கை கடுக்கத் தேய்த்தாள். புது வளையங்கள் மாட்டினார்கள். அதன்பின் பால் கெடவில்லை. ருசியும் போய்விட்டது.

(ருசி படலத்திலிருந்துதான் வந்ததா? செப்தூ அப்படித்தான் நம்புகிறாள். மோந்து பார்த்தவள் அவள்; நான் இல்லை.)

3.

அவள் புருஷன் கிமேலி காய்ச்சலில் கிடந்து எழுந்தவன். மக்காச்சோளக் களியான உகாலியைத் தொடுவதில்லை. (நோயாளியைக் கொண்டுவருவது மலிவான உத்திதான். ஆனாலும் அவன் வேண்டும்.)

"என்னடி பாலு இது? சுண்ணாம்புத் தண்ணியாட்டம்."

"சுத்தமான பாலு. பேசாம குடி."

"கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணை வாசல்கிட்ட நின்னு, ஒரே குவளையில ரெண்டு பேரும் குடிச்சோமே, அந்தப் பாலக் கொண்டா."

"அப்ப நீ பாலப் பாக்க வந்தியா, என்னயப் பாக்க வந்தியா?"

"பாலத்தான். நீ சும்மா கூட நின்னே."

சிரித்தாள். சிரித்த வாயோடு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

4.

பழைய வளையம் ஒன்று அவளிடம் இருக்கிறது. குப்பைக்குப் போக வேண்டியதைக் கழுவாமல் எடுத்து வந்துவிட்டாள். பாலில் ஊறப்போட்டால் அந்த ருசி வரலாம். அவன் வயிறார ஒரு குவளை குடிக்கலாம். ஆனால் பாலைக் கெடுத்ததும் அதுதான். நோயில் தேறாத உடம்பு தாங்குமா?

முடிவு ஒன்று: வளையத்தை அடுப்பில் போடுகிறாள். கிமேலி புதுப் பாலுக்குப் பழகி... (பொய். பழகவே மாட்டான்.)

முடிவு இரண்டு: ஊறப்போடுகிறாள். அவன் ஒரு மடக்குக் குடித்து, கண்ணை மூடி, "இதுதாண்டி" என்று...

இதை எழுதும்போது என் வாயிலும் எச்சில் ஊறியது. அதனால் பேனாவை வைத்துவிட்டேன். என்னை நம்பி ஒரு மனிதனின் உயிரை ஒப்படைக்க முடியாது.

செப்தூ பால் பாத்திரத்தின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளிருந்து கிமேலி கூப்பிடுகிறான். நீங்கள் அந்தப் பாலைக் குடித்ததில்லை. நீங்களே சொல்லுங்கள்.