குளிப்பாட்டிய வண்டிக்குக் காய்ச்சல்

என் மாமனார் ஒருநாள் வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் காரின் பானெட்டைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பல் டாக்டர் வண்டி மாதிரியே இல்லையே மாப்பிள்ளை, பல்லே விளக்காத வாய் மாதிரி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவர் மறந்திருப்பார். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் பிரஷர் பம்பை இரவல் வாங்கி, இன்ஜின் கழுவுவது எப்படி என்று ஒரு வீடியோவைப் பாதி பார்த்தேன். மின்சார பாகங்களை மூடி வைக்கச் சொல்வது மீதிப் பாதியில் இருந்ததாம். அது பிறகுதான் தெரிந்தது. சோப்பு நுரையைத் தடவி, பல்லில் ஊத்தை எடுப்பதுபோல இண்டு இடுக்கு விடாமல் பீய்ச்சினேன். கரியும் எண்ணெயும் கரைந்தோடி, உள்ளே எல்லாம் புதுசு மாதிரி மின்னியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டி ஓடும்போது இது யார் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்டாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன். முடிந்ததும் நான்தான் அழைத்துவரப் போனேன். ஒரு கண்ணில் கட்டோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே நெரிசல். மூன்றாவது சிக்னலில் நிற்கும்போது பார்த்தால், வெப்பம் காட்டும் முள் எப்போதும் நிற்கும் நடுவை விட்டு விறுவிறுவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் இன்ஜின் சூடு வண்டிக்குள் வந்துவிடும், இன்ஜின் தப்பிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். திறந்தேன். உச்சி வெயிலில், கண் ஆபரேஷன் முடிந்த மனிதர் முகத்தில் அனல் அடித்தது. அவர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சிகிச்சையில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்தாரோ என்னவோ. முள் சிவப்பைத் தொட்டதும் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். அவரை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். ஏறும்போது, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதையை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சூடு ஆறும்வரை காத்திருந்து, நெரிசல் இல்லாத சுற்றுச்சாலை வழியாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அங்கே முள் நல்ல பிள்ளையாக நடுவிலேயே நின்றது. அதை நான் கவனித்தேன். ஆனால் யோசிக்கவில்லை.

மாலையில் இன்ஜின் நன்றாக ஆறியபிறகு, அதைக் குளிர்விக்கும் கூலண்ட் டப்பாவைப் பார்த்தேன். அளவு சரி. எங்கும் ஒழுகவில்லை. அப்படியானால் உள்ளே பெரிய கோளாறுதான் என்று முடிவுகட்டினேன். இன்ஜினுக்குள் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்கிற அடைப்புத் தகடு போயிருக்கும், இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும் என்று மனைவியிடம் விளக்கினேன். என் வழக்கமான நோயாளிகள் ஒரு பல் கூசினால் போதும், புற்றுநோய் என்று பயந்துகொண்டு வருவார்கள். அன்று அவர்கள் எல்லோரும் சேர்ந்து என் உருவத்தில் நின்றார்கள்.

மனைவி என் கிளினிக்கில்தான் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்கிறாள். தடுப்புக்கு அப்பால் நான் பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, "எப்போ வலிக்குது?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"எப்பவுமே வலிக்குதா, கடிக்கும்போது மட்டும் வலிக்குதா? இதைக் கேக்காம யார் பல்லுலயாவது கை வச்சிருக்கீங்களா?"

கோபம் வந்தது. ஆனால் பதிலும் கூடவே வந்துவிட்டது. நிற்கும்போது மட்டும்தான் சுடுகிறது. ஓடும்போது இல்லை. ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது அந்த வேலையைச் செய்வது மின்விசிறி. அப்படியென்றால் இன்ஜினுக்கு ஒன்றுமில்லை, விசிறிதான் சுற்றவில்லை.

கீழே ஓடினேன். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டேன். போட்டதும் அந்த விசிறி சுற்ற வேண்டும். அசையவே இல்லை. ஃப்யூஸை எடுத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. சாவியை எடுத்து, பேட்டரி வயரையும் கழற்றி வைத்துவிட்டு, விசிறிக்குப் போகும் வயரின் பிளக்கைப் பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. என் ஞாயிற்றுக்கிழமைச் சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே இருந்த பித்தளை முனைகளில் பழைய பச்சைக் களிம்பு வேறு. அதையும் நான்தான் ஊறவைத்திருந்தேன்.

மனைவியின் ஹேர் டிரையரை வாங்கி ஈரத்தைப் போக்கினேன். களிம்பைச் சுரண்ட, பல்லைக் குத்திப் பார்க்கும் ஊசியை எடுத்துவரப் போனேன். அது இனிமேல் கிளினிக் பக்கமே வரக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் மனைவி தந்தாள். ஒரு பற்சிதைவைச் சுத்தம் செய்யும் கவனத்தோடு ஒவ்வொரு முனையாகச் சுரண்டினேன். பானெட்டுக்குள் என் கை பழகிய வேலை அது ஒன்றுதான். பிளக்கை மாட்டி, பேட்டரியை இணைத்து, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டதும் விசிறி 'விர்'ரென்று சுழன்றது. நான் கைதட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, தன் பம்பைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார்.

வாரக் கடைசியில் மாமனாரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அவர் சொல்லிப் பார்த்தார், மகள் விடவில்லை. வழியெல்லாம் அவர் சாலையைப் பார்க்கவே இல்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அதே மூன்றாவது சிக்னலில் நின்றபோது முன்னாலிருந்து 'விர்'ரென்று சத்தம் கிளம்பியது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க மாமா. விசிறி சுத்துற சத்தம்தான்."

அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "இத்தனை வருஷமா இந்த வண்டியில வர்றேன். இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லையே மாப்பிள்ளை."

இத்தனை வருஷமாக ஓட்டும் நானும் அதைக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. சிக்னல் பச்சையானது. நான் கியரைப் போட்டேன்.