நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டுக்கு நான் போனது ஒரு காதல் கதை எழுத. தலைச்சோலையில் பஸ்ஸைத் தவறவிட்டு நிழலுக்கு ஒதுங்கினால், அங்கே கிராம சபை நடந்துகொண்டிருந்தது. காதலர்கள் இன்னும் ஏரிக்கரையில் காத்திருக்கிறார்கள். மன்னிக்கவும்.

2
முதல் வரி: “சேர்வராயன் மலையில் பனி இறங்கிக்கொண்டிரு—”

வேண்டாம். அன்று மே மாத வெயில்.

மறுபடியும். சிவசக்திக்குப் பதினாறு வயது. ஊற்றில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஐந்து மாதமாக நோட்டில் எழுதிவருகிறாள். தை மாதம் நாற்பது நொடி. இப்போது நாலு நிமிடத்துக்கு மேல். ஊற்றுக்கு மேலே இருக்கும் ஓட்டல், இரண்டாவது போர்வெல் போட ஊராட்சியிடம் அனுமதி கேட்டிருந்தது. அவள் அம்மா சுஜாதா போர்வை துவைப்பது அந்த ஓட்டலில்தான். (கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று எனக்கே சந்தேகம். ஆனால் அந்தப் பக்கம் மாதச் சம்பளம் தரும் இடம் அது ஒன்றுதான்.)

3
அவள் எழுந்ததும் ஊராட்சித் தலைவர் சந்திரசேகர் கையமர்த்தினார்.

“பெரியவங்க பேசறோமில்ல, உக்காரு கண்ணு.”

“ஏனுங்க, தண்ணி தூக்கறதுக்கு மட்டும் நாங்க பெரியவங்களுங்களா?”

சபை சிரித்தது. ஓட்டல் மேனேஜர் பிரபாகர் சிரிக்கவில்லை. சுஜாதா மகளின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“போதும் சாமி. நாளைக்கு நான் வேலைக்குப் போவோணும்.”

சிவசக்தி உட்காரவில்லை. முதல் வரைவில் இந்த இடத்தில் அவள் பருவநிலை மாற்றம் பற்றி ஒரு பக்கம் பேசினாள். படித்துப் பார்த்தேன், பேசியது நான். அடித்துவிட்டேன். அவள் பேசியது இவ்வளவுதான்:

“மழ முன்ன மாதிரி இல்லீங்க. இருக்கறதையும் போர் போட்டு உறிஞ்சுனா எங்களுக்கு என்னங்க மிஞ்சும்?”

“நோட்டுல யாரு வேணா எழுதலாம்” என்றார் பிரபாகர்.

“அப்ப வாங்க, புடிச்சே பாத்துரலாம்.”

4
சபை மொத்தமும் ஊற்றுக்கு நடந்தது. பிரபாகர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை, ஷூ சேறாகிவிடுமாம். குடத்தைத் தலைவரே பிடித்தார். முதல் நிமிடம் கம்பீரமாக நின்றார். இரண்டாவதில் கை மாற்றினார். மூன்றாவதில் குந்திவிட்டார். (இங்கே ஒரு பறவை கூவியதாக எழுதியிருந்தேன். கூவவில்லை.) நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி.

“நொம்ப நேரமாவுதே கண்ணு.”

“எங்க ஊட்டுக்கு தெனமும் ஆறு கொடமுங்க.”

தலைவர் குடத்தை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

5
புது போர் வேண்டாம் என்ற தீர்மானத்துக்கு அங்கேயே கை தூக்கச் சொன்னார். ஓட்டுப் போடும் வயதில்லாத சிவசக்தியை எண்ணச் சொன்னார். அறுபத்து மூன்று கைகள். தீர்மானம் நிறைவேறியது.

அதில் சுஜாதாவின் கை உண்டா?

ஒரு முடிவில் தூக்கினாள். இன்னொன்றில் முந்தானையை இறுகப் பிடித்தபடி நின்றாள். இரண்டையும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். அச்சானால் பிரபாகரும் படிப்பார். எண்ணியவளிடமே கேட்டேன்.

“எத்தன கைன்னுதானுங்க எண்ணச் சொன்னாங்க” என்றாள். “யார் கைன்னு யாரும் கேக்கலீங்க.”

நானும் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். நீங்களே முடிவு செய்யுங்கள். தயவுசெய்து வெளியே மட்டும் சொல்லிவிடாதீர்கள்.