ஹாலரன் மூலைக்கு ஓர் ஆள்

பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்குக்குள் நுழைந்ததுமே கார்ஸ்டன் தன் மாமியாரைப் பார்த்துவிட்டான். வலைக்கம்பத்தின் கீழே, செனட்டர் ஹாலரனின் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வெர்லா நின்றிருந்தார். அட்டையை எழுதியது அவன் மனைவி சிக்னி. கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இந்தக் கூட்டத்துக்காகக் கோடை முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கியவள். அக்டோபரில் இறந்துபோனாள். அரசியல் பேச்சே பிடிக்காத வெர்லா, மகள் விட்ட இடத்தில் வந்து நின்றுகொண்டார்.

“நீ எதுவும் பேச வேணாம்ப்பா. வந்து பக்கத்துல நின்னா போதும்,” என்று காலையில் போனில் சொல்லியிருந்தார். வருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

ஐயோவா மாநிலத்தில் இந்தத் தேர்வில் ரகசியம் கிடையாது. யாருக்கு ஆதரவோ அவருடைய மூலையில் போய் ஊரறிய நிற்க வேண்டும். அந்த அட்டைக்குக் கீழே நின்றால் எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, பாவம், சின்ன வயசு என்பது போலப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை அவனுக்கு அலுத்துவிட்டது.

“டேய் கார்ஸ்டன்! என்ன, சந்தையில தொலஞ்ச கன்னுக்குட்டி மாதிரி முழிக்கிற? இங்க வா!”

அரங்கின் இரைச்சலுக்கிடையே எதிர் மூலையிலிருந்து டுவேன் கூப்பிட்டார். தானியக் கிடங்கில் அவனுக்கு மேலாளர். கிடங்கு ஆட்கள் எல்லோரும் அங்கே, இன்னொரு வேட்பாளரான கவர்னர் பிரிக்ஸ் பக்கம். பெரிய கூட்டம். உள்ளே போய்விட்டால் ஆள் தெரியாது.

இரண்டு முறை எண்ணுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். முதல் தடவை டுவேனோடு நிற்கலாம். ஹாலரனுக்கு ஆள் குறைந்தால் இரண்டாவது தடவைக்கு அங்கே போய்விடலாம். அப்படித்தான் கணக்குப் போட்டான். சீட்டில் பிரிக்ஸ் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். டுவேனின் அகன்ற முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

எண்ணி முடித்தார்கள். கூட்டத்தை நடத்திய நூலகர் ஐலீன் மைக்கைத் தட்டினார்.

“ஹாலரன் மூலை ஒன்பது பேர். பத்து இருந்தாத்தான் தேறும். ஒரு ஆள் குறையுது வெர்லா.”

வெர்லா தொண்டையைச் செருமினார். “என் மருமகன் வரேன்னிருக்கான். ரோட்டுல பனி அதிகமா இருக்கும். கொஞ்சம் பொறுங்களேன்.”

“கதவ எப்பவோ சாத்தியாச்சும்மா. உள்ள இருக்கறவங்கதான் கணக்கு.”

“உங்க மருமகன நாங்க கடத்திட்டோம் வெர்லா!” என்று டுவேன் கத்தினார். “வேணும்னா வந்து மீட்டுக்கோங்க!”

சிரிப்பு எழுந்தது. டுவேன் விளையாட்டாக ஒதுங்கிக்கொள்ள, கார்ஸ்டன் எல்லோர் கண்ணிலும் பட்டான். வெர்லா சிரிக்கவில்லை. அவனைப் பார்த்தார், கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

அவன் வெளியே வந்தான். “நான் அங்க போயிடறேன்.”

“முடியாதுப்பா,” என்றார் ஐலீன். மைக் வாயருகிலேயே இருந்தது. “உங்க மூலை தேறிடுச்சு. தேறின மூலையில கையெழுத்துப் போட்டவங்க அங்கேயேதான் இருக்கணும். தேறாதவங்கதான் இடம் மாறலாம்.”

அரங்கின் நடுவில், பாதி வழியில், அவன் நின்றான்.

சிக்னி இதைச் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்தி நகர்த்திக் காட்டியிருக்கிறாள். இது நகராது, இது நகரும். அவள் தோளுக்கு மேலாக டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டே அவன் உம் கொட்டியிருக்கிறான்.

திரும்பி நடந்தான். பழைய இடத்தில் போய் நின்றான்.

ஹாலரன் மூலை கலைந்தது. ஒருவர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். வெர்லா அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நேராகப் பிரிக்ஸ் மூலைக்கு வந்தார். மூலை மாறி வருபவருக்குக் கை தட்டுவது வழக்கம். தட்டினார்கள். டுவேன் விசிலடித்தார்.

வெர்லா கார்ஸ்டன் பக்கத்தில் வந்து நின்றார். கை தட்டல் அடங்கியதும் கேட்டார்.

“இந்த விதிய சிக்னி உனக்குச் சொல்லலையாப்பா?”

“இல்ல,” என்றான்.

வெர்லா தலையை ஆட்டிக்கொண்டார். “ஊர் பூரா போய்ச் சொன்னா. வீட்டுல இருக்கறவனுக்குச் சொல்ல மறந்துட்டா பாரு.” அவன் கையைப் பிடித்தார். “அவ எப்பவும் அப்படித்தான். அதுக்காக அவ மேல வருத்தப்படாத.”

“பரவாயில்ல,” என்றான் கார்ஸ்டன்.