ஸ்கோப் வாங்கப் போன சனிக்கிழமை

மூஸ் என்கிற பெரிய காட்டுமான்களின் வேட்டை தொடங்க ஒன்பது நாள்தான் இருந்தது. என் கணவன் சிக்ஸ்டனின் துப்பாக்கியில் பொருத்த, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் ஒன்று புதிதாக வாங்க பிரித்தாவின் கடைக்குப் போனோம்.

எங்கள் வேட்டைக் குழுவில் குறி தவறியவர் மறுநாள் எல்லோருக்கும் க்ரீம் கேக் கொண்டு வர வேண்டும். இரண்டு வருடமாக அந்தக் கேக்கைச் சிக்ஸ்டன்தான் சுமக்கிறான். முதல் வருடம் எல்லோரும் அவனைக் கிண்டலடித்துக்கொண்டே தின்றார்கள். போன வருடம் யாரும் சிரிக்கவில்லை. அவன் சுட்ட குண்டு மூஸின் பின்காலில் பட்டுவிட்டது. எட்டுப் பேர் ஒன்றரை நாள் ரத்தத் தடத்தைப் பார்த்து நடந்தோம். கண்டுபிடித்தபோது அது உயிரோடுதான் கிடந்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன் இடத்துல வேற ஆளை நிறுத்திருவேன்" என்று குழுத்தலைவர் ரோலண்ட் சொல்லிவிட்டார். சதுப்பு ஓரத்தில் இருக்கும் அந்த இடத்தில் சிக்ஸ்டன் பத்தொன்பது வருடமாக நிற்கிறான். நான் எங்கள் நாய் முர்ரேயோடு காட்டுக்குள் புகுந்து மூஸை அவன் பக்கம் கிளப்பிவிடுவேன்.

கடைக்குள் நுழைந்ததுமே சிக்ஸ்டன் கண்ணாடி அலமாரியில் இருந்ததிலேயே பெரிய ஸ்கோப்பைக் காட்டினான். இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுமாம்.

"நிலாவுல மான் மேயுதான்னு பாக்கப் போறியா?" என்றாள் பிரித்தா. எங்களோடு பள்ளியில் படித்தவள், எவரையும் விடமாட்டாள். "உன் இடத்துல மூஸ் அம்பது மீட்டர்ல ஓடி வரும். இதுல பாத்தா வெறும் மயிர்தான் தெரியும். ஒண்ணுலேர்ந்து ஆறு மடங்கு வரைக்கும் போற சின்னது போதும்."

"எனக்குப் பெருசுதான் வேணும்."

"சரி, வா. பாத்துட்டு வாங்கு."

கண்ணில் வைத்துப் பார்க்கச் செய்யாமல் பிரித்தா யாருக்கும் ஸ்கோப் விற்பதில்லை. கடைக்குப் பின்னால் காட்டு விளிம்பில் பலகையில் வெட்டிய மூஸ் ஒன்று நிற்கிறது. அதன் நெஞ்சில் சாக்பீஸால் ஓர் எண் எழுதியிருப்பாள். சிக்ஸ்டன் பெரிய ஸ்கோப்பைக் கண்ணருகே வைத்தான். எடுத்தான். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தான். மறுபடி வைத்தான்.

"ஏழு" என்றான்.

பிரித்தா என்னைப் பார்த்தாள். நான் ஸ்கோப்பை வாங்கிப் பார்த்தேன். பலகையில் நாலு என்று பளிச்சென்று எழுதியிருந்தது.

"வியாழக்கிழமைதான் ஏழு. நான் தினம் காலையில மாத்திருவேன் சிக்ஸ்டன்" என்றாள் பிரித்தா மெதுவாக. "அன்னைக்கு நீ தனியா வந்தப்போ, பக்கத்துல போய் நின்னு பாத்தியே." பிறகு, உள்ளே போன் அடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். போன் ஒன்றும் அடிக்கவில்லை.

நாங்கள் இருவரும் அங்கிருந்த மரக்கட்டையில் உட்கார்ந்தோம்.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"ஜூன்ல டாக்டரைப் பாத்தேன். வலது கண்ணுல புரை. டிசம்பர்லதான் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க."

"ஜூன்லேர்ந்தா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா வீட்டுல உக்காருன்னுவ."

"முப்பத்தோரு வருஷத்துல நான் சொல்லி நீ எப்போடா உக்காந்திருக்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. "போன வருஷம் அது திரும்பி என்னைப் பாத்துச்சு எல்னா. அது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. பெரிய ஸ்கோப் இருந்தா சரியாயிரும்னு நெனச்சேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். திட்டுவதற்கு நிறைய இருந்தது.

"இந்த வருஷம் நீ முர்ரேயோட போ" என்றேன். "நாயோட போறதுக்குக் காதும் காலும் போதும். எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்கு. உன் இடத்துல நான் நிக்கறேன்."

"முர்ரே எம் பேச்சைக் கேக்காதே."

"எம் பேச்சை மட்டும் கேக்குதா என்ன?"

அவன் எழுந்து உள்ளே போய், பிரித்தா சொன்ன சின்ன ஸ்கோப்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். நான் அதைக் கண்ணில் வைத்துப் பார்க்க, தெளிவைச் சரிசெய்யும் பின்பக்க வளையத்தை அவனே மெல்லத் திருப்பினான்.

"இப்போ?"

"மங்கல்."

"இப்போ?"

"பலகையில ஆணி தெரியுது."

"எத்தனை ஆணி?"

"மூணு."

பிரித்தா வாசலில் நின்று தலையாட்டினாள். "மூணுதான். மேலேயிருந்தது போன வாரம் விழுந்துடுச்சு."

ஸ்கோப்பைக் கட்டித் தரச் சொல்லிவிட்டு, சிக்ஸ்டன் கார் அருகே நின்று ரோலண்டுக்குப் போன் செய்தான். நானே பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"ரோலண்ட், இந்த வருஷம் என் இடத்துல எல்னா நிப்பா. எனக்குக் கண்ணு சரியில்ல. அப்போவே சொல்லியிருக்கணும். சொல்லல." நிறுத்தினான். "போன வருஷம் உங்களை எல்லாம் நடக்க வச்சதுக்கும் மன்னிச்சுக்கோ."

ரோலண்ட் நிறையப் பேசினார் போலிருக்கிறது. சிக்ஸ்டன் 'ம்', 'ம்' என்று மட்டும் சொன்னான். முகம் காது வரை சிவந்திருந்தது, ஆனால் தோள்கள் தளர்ந்து இறங்கியிருந்தன.

"என்ன சொன்னாரு?"

"நாயோட போறவனுக்கு நல்ல பூட்ஸ் வேணுமாம்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினான். இத்தனை வருடத்தில் அவனாக நீட்டியது அதுதான் முதல் தடவை.