கம்பத்தை நிமிர்த்திய படம்

அந்தப் போட்டோக்காரருக்கு எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை ஒரு விரலால் தட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவார். மாப்பிள்ளை எவ்வளவு கூன் போட்டு நின்றாலும் இவருடைய ஆல்பத்தில் நிமிர்ந்துவிடுவார். உறவுக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் நேர்கோடு. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அன்று காலை ஸ்டூடியோவின் பின்னறையில், முந்தின நாள் பார்த்துவிட்டு வந்த மனையின் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். மலைச்சரிவு மனை. இடமிருந்து வலமாக இறங்கும் புல்தரை, நடுவில் ஒரு மின்கம்பம், வலது ஓரத்தில் கீழே ஏரி. அவரும் அவருடைய மச்சினனும் சேர்ந்து வீடு கட்டி, இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதென்று பேச்சு. மச்சினனுக்குக் கப்பலில் வேலை. நேரில் வந்து பார்க்க வழியில்லாததால் படத்தைப் பார்த்துத்தான் அவன் சரி சொல்ல வேண்டும்.

படத்தில் கம்பம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"கையில வெச்சு எடுத்தேன்ல, ஆடிருச்சு," என்று சொல்லிக்கொண்டே, கம்பம் செங்குத்தாக நிற்கும்வரை படத்தைத் திருப்பினார்.

டீ கொண்டுவந்த மனைவி பின்னால் நின்று பார்த்தாள். "நேத்து நேர்லயும் அது சாஞ்சுதானே இருந்துச்சு?"

"கம்பம் நேராத்தான் இருக்கு. உன் பார்வைதான் கோணல்."

"கோணப் பார்வையா இருக்கப் போய்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன்," என்றாள் அவள். "அது சரி, ஏரி ஏன் ஒரு பக்கமா தூக்கிக்கிட்டு நிக்குது?"

"கரை மேடு பள்ளமா இருக்கும். ஏரியையா வாங்கப் போறோம்? மனை தெரிஞ்சா போதும்." ஏரியை வெட்டி எடுத்துவிட்டார். கம்பத்தோடு சேர்ந்து தரையும் திரும்பியிருந்ததால், சரிவு இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. முந்தின நாள் அதே இடத்தில் மூச்சு வாங்க ஏறியவள், படத்தைப் பார்த்துவிட்டு, "அவ்வளவு ஒண்ணும் சரிவா இல்லைங்க," என்று திருப்தியாகச் சொன்னாள்.

மச்சினன் போனில் கொஞ்சம் இழுத்தான். "மாமா, மலைப்பக்கம்னா மண்ணைத் தோண்டிச் சோதிச்சுப் பாத்துட்டு வாங்கணும்னு இங்க ஒருத்தர் சொல்றாரு."

"படத்தைப் பாருடா, மேசை மாதிரி இருக்கு. இதுக்குப் போய்ச் சோதனையா?"

"நீங்க சொன்னா சரி மாமா."

மனைத் தரகருக்கும் அந்தப் படம் பிடித்துப்போனது. பக்கத்து மனைகளை விற்க வேண்டுமே. கேட்டு வாங்கிப் பெரிதாக அச்சடித்து, மலையடிவாரத்தில் பலகையாக நட்டுவைத்தார். நேர்கோட்டுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போவார்.

வீடு எழும்பியது. குடியும் வந்தார்கள். முதல் மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்த மழை ஒருநாள் காலையில் சற்று ஓய்ந்தபோது, மச்சினனுக்கு அனுப்ப வீட்டை ஒரு நல்ல படம் எடுக்கலாம் என்று நேர்கோடு கேமராவோடு கிளம்பினார்.

கீழ்ப்பக்கத்து அறையிலிருந்து மச்சினன் மனைவி குரல் கொடுத்தாள். "அண்ணா, இந்த அறைக் கதவு திறக்க வரமாட்டேங்குது. இடிச்சு இடிச்சுத் திறக்க வேண்டியிருக்கு."

"மழையில மரம் ஊறியிருக்கும்மா. தச்சரை வரச் சொல்றேன்."

குழந்தை தூங்கட்டும் என்று அவள் அந்தக் கதவை மறுபடி சாத்திக்கொண்டாள்.

சாலைக்கு எதிர்ப்புறம், முன்பு நின்ற அதே இடத்தில் நேர்கோடு நின்றார். இந்தத் தடவை கையில் வைத்து எடுக்கவில்லை. முக்காலியை ஊன்றினார். அதன் தலையில் கண்ணாடிக்குள் ஒரு நீர்க்குமிழி இருக்கும். குமிழி நடுவில் நின்றால் கேமரா மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கண்ணை வைத்தார்.

கம்பம் சாய்ந்திருந்தது.

பழக்கம் விடுமா? கம்பம் நேராகும்வரை கேமராவைத் திருப்பினார். உடனே கீழே ஏரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. தண்ணீர் எங்காவது சாய்ந்து நிற்குமா? மறுபடி குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஏரி மட்டமானது. கம்பம் சாய்ந்தது. கம்பத்தை ஒட்டியிருந்த அவர் வீட்டுக் கீழ்மூலைச் சுவரும் அதே பக்கம், அதே அளவு சாய்ந்து நின்றது.

ஊரான் வீட்டுச் சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கினால் பொறுக்காத மனிதர். சொந்த வீட்டுக் கோணலில் தினமும் தூங்கி எழுந்திருக்கிறார்.

கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். "எல்லாரும் வெளிய வாங்க. கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு வாங்க."

"அடுப்புல பால் இருக்குங்க."

"பால் கெடக்கட்டும், வா."

கீழறைக் கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினார். உள்ளே மச்சினன் மனைவி பயந்துபோய் அழுதாள். மூன்றாவது முட்டில் கதவு பிளந்தது. குழந்தையை வாங்கி மனைவியிடம் கொடுத்து, மச்சினன் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைக்கு வந்து சேர்ந்தார்.

பெரிய சத்தம்கூட வரவில்லை. ஈரமூட்டையைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம். கீழறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. சமையலறையும் பாதி போய்விட்டது. குழந்தை தூக்கத்தில் சப்புக்கொட்டியது.

பிளந்த சரிவுக்குள் மண்ணையே காணோம். உடைந்த ஓடு, பழைய டயர், சிமெண்டுச் சாக்கு, யார் வீட்டையோ இடித்துப் போட்ட செங்கல். பள்ளத்தைக் குப்பையால் நிரப்பி, மேலே ஒரு சாண் மண் தூவி, புல் முளைக்கவிட்டு விற்றிருக்கிறார்கள்.

மனைவி நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் பாத்தேங்க," என்றாள். "சாஞ்சிருந்ததை என் கண்ணாலயே பாத்தேன். படத்தைக் காட்டினீங்க, என் கண்ணையே நம்பாம விட்டுட்டேன்."

அப்போதுதான் நேர்கோட்டுக்கு அடிவாரத்துப் பலகை நினைவுக்கு வந்தது. மச்சினன் மனைவியையும் குழந்தையையும் எதிர்வீட்டில் உட்காரவைத்துவிட்டு, கேமராவை முக்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினார்.

பலகைக்கு முன் குடை பிடித்தபடி ஒரு இளம் தம்பதி நின்றிருந்தார்கள். தரகர் கையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தப் படத்தை எடுத்தது நான்தான்," என்றார் நேர்கோடு, மூச்சிரைக்க. "இதை நம்பாதீங்க. கம்பத்தை நேராக்குறேன்னு சரிவையே மறைச்சுட்டேன். என் வீடு இப்பதான் இடிஞ்சு விழுந்துச்சு."

தரகர் அவர் தோளைத் தொட்டார். "சார், என்னமோ அதிர்ச்சியில இருக்கீங்க. இப்படி உக்காருங்க."

"கையை எடுய்யா. குப்பை மேல வீடு கட்ட வெச்சே. நானும் சேர்ந்துதான் வெச்சேன்." முக்காலியை ஊன்றி, குமிழியை நடுவில் வைத்து, மேலே பார்த்து ஒரு படம் எடுத்து அந்த இளைஞனிடம் நீட்டினார். சாய்ந்த கம்பமும் பாதி வீடும் அதில் தெரிந்தன. "வீடு கட்டுற நிலத்தைப் படத்துல பாத்து வாங்காதீங்க. மழையில வந்து நின்னு பாருங்க. கீழ இருக்கிறவங்களை விசாரிங்க. மண்ணைத் தோண்டிச் சோதிக்காம கையெழுத்துப் போடாதீங்க. சரிவை வேணும்னா மறைக்கலாம், அது சரியறதை நிறுத்த முடியாது."

இளைஞன் மேலே கம்பத்தைப் பார்த்தான். அவன் மனைவி குடைக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள். "நான் அப்பவே சொன்னேன்ல, அது சாஞ்சிருக்குன்னு."

"நீதான் தலையைச் சாய்ச்சுப் பாக்குறேன்னு நெனச்சேன்," என்றான் அவன்.

"அவங்க சொல்றதைக் கேளுங்க தம்பி," என்றார் நேர்கோடு. "என் வீட்லயும் ஒருத்தி சொன்னா. கேட்டிருந்தா எங்களுக்கு இன்னைக்கு வீடு இருந்திருக்கும்."