எட்டுக்கு ஏழு கைகள்

தையல் ஆலையின் உணவறையில் அன்று இருந்தவர்கள்: கதவைப் பார்த்தபடி, தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்க வந்த ஆய்வாளர், அவருக்கு இடப்புறம், குறிப்பெடுக்க நான், எதிரே அரைவட்டமாக எட்டுப் பெண்கள், அவர்களில் நடுவில் இருந்தவர் என் அண்ணி. அண்ணி குழுவில் இருப்பதைக் காலையிலேயே ஆய்வாளரிடம் சொல்லியிருந்தேன். “அண்ணிதானே, மாமியார் இல்லையே!” என்று சிரித்துவிட்டார்.

பிறகு தேநீர்த் தட்டோடு மேற்பார்வையாளர் அம்மா வந்தார். வைத்துவிட்டுப் போயிருப்பார். ஆய்வாளர்தான் மரியாதைக்கு, “உட்காருங்கம்மா” என்று தமக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கேள்வி இது: ஆலையின் குழந்தைக் காப்பகத்தை எடுத்துவிட்டு, அந்த அறையை ஓய்வறையாக்கலாமா? அதுவரை வாய் ஓயாதவர்கள் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்கள்.

“சரிங்கிறவங்க கையைத் தூக்குங்க.”

ஓரத்தில் ஒரு கை. அதைப் பார்த்துப் பக்கத்துக் கை. ஏழாவது அண்ணியுடையது. எனக்குப் பேனா ஓடவில்லை. அண்ணன் வெளியூரில், நான் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன். காப்பகத்தில் பிள்ளையை விட்டால்தான் அண்ணி இயந்திரத்தின் முன் உட்கார முடியும்.

வெளியே வந்ததும் ஆய்வாளரிடம் சொன்னேன். “அந்தம்மா உட்கார்ந்தப்புறம்தான் சார் எல்லாரும் அடங்கிப்போனாங்க.”

“எட்டுக்கு ஏழுப்பா! இன்னும் என்ன, கல்லுல செதுக்கித் தரணுமா? நீ உங்க அண்ணிக்காகப் பேசற.”

அந்தச் சொல் செருப்புக்குள் கல்லாக வீடுவரை வந்தது. அண்ணிக்காகத்தான் பேசுகிறேனோ? உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலைத் திறந்து மூடினேன்.

“ஏன் தம்பி கூண்டுப் புலி மாதிரி நடக்கறீங்க? புள்ள இப்பதான் தூங்குது.”

“நீங்க ஏன் அண்ணி கையைத் தூக்கினீங்க?”

“சூப்பர்வைசர் அக்கா என் மூஞ்சியையே பாத்துட்டிருந்துச்சு. ஆறு பேர் தூக்கியாச்சு. நான் மட்டும் என்ன பெரிய வீராங்கனையா? எல்லாருக்கும் அதுதான் வேணும்போலன்னு நெனச்சேன்.” பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டார். “வெளிய வந்து பாத்தா, முதல்ல தூக்கினவளே அழறா. அவளுக்கும் கைக்குழந்தை.”

எங்கள் நிறுவன முறைப்படி அறிக்கை ஆய்வாளருடையது. குறிப்புத் தாள்களை மட்டும் நான் தனியே தலைமை அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். அவற்றோடு ஒரு கடிதம் எழுதினேன். யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் எப்போது வந்தார் என்று வரிசையாக. கை தூக்கியதை வைத்து இவர்கள் விருப்பத்தைச் சொல்ல முடியாது. ஒவ்வொருவரையும் தனியே கேட்க வேண்டும். என் அண்ணி குழுவில் இருப்பதால், கேட்பவன் நானாக இருக்கக் கூடாது.

அண்ணி எட்டிப் பார்த்தார். “தனியா கேட்டும் ‘எடுத்துடுங்க’ன்னுட்டா? பாதிப் பேருக்குப் புள்ளையே இல்ல.”

“அப்ப அதைத்தான் அண்ணி எழுதணும்.”

“நல்லா வாய்ச்சீங்க எனக்குக் கொழுந்தனாரு!” என்றவர், பசைக் குப்பியைத் தேடி எடுத்து என் முன் டொக்கென்று வைத்தார்.

உறையை ஒட்டினேன். ஓரம் பிரிந்தது, மறுபடி தடவி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே அஞ்சலகத்துக்கு நடந்தேன். எழுத்தர் உறையை வாங்கி, முத்திரை குத்தி, பின்னாலிருந்த சாக்கில் போட்டார்.