கிட்டங்கியில் ஒரு வெடி

என் மாமனார் செல்லச்சாமி ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் 'மாப்ள, வாங்க', 'மாப்ள, சாப்பிடுங்க' என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அந்த மரியாதைக்குள் என் தொழிலைப் பற்றிய இளக்காரம் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்கும் என் மனைவி சங்கரேஸ்வரிக்கும்தான் தெரியும். தென்காசியில் ஒரு மாடி அறையில் ஒலிப்பதிவு செய்கிறேன். அங்கே ஃபேன்கூடப் போடாமல் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று மகளிடம் கேட்பாராம். ஃபேன் ஓடினால் அந்தச் சத்தமும் பதிவாகும் என்று மனிதருக்கு எத்தனை முறைதான் சொல்வது?

வடகரையில் அவர் வீட்டை ஒட்டி, கொப்பரை மூட்டை அடுக்கிவந்த பழைய கிட்டங்கி ஒன்று இருக்கிறது. கருங்கல் சுவர், உயரமான கூரை. இப்போது காலி. உள்ளே நின்று இருமினால் அந்த இருமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு நம் காதிலேயே வந்து விழும். அதை ஸ்டுடியோவாக்க வேண்டும் என்பது என் ஆசை. அவரோ உர வியாபாரிக்கு மூட்டை அடுக்க விடப்போவதாகச் சொன்னார். சங்கரேஸ்வரி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகு மாமனார் ஒரு நிபந்தனைக்கு இறங்கிவந்தார். சென்னையில் ஒரு சினிமா இசைக்காரர் என்னிடம் கல்கட்டிடத்தின் எதிரொலி கேட்டிருந்தார். அவருக்கு இது பிடித்தால் கிட்டங்கி எனக்கு, இல்லாவிட்டால் உரத்துக்கு.

எதிரொலியை எடுப்பது பெரிய வித்தை இல்லை. காலியான இடத்தில் ஒரே ஒரு வெடிச்சத்தம் எழுப்பி, அது அடங்கும்வரை பதிவு செய்யவேண்டும். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள். பிறகு எங்கோ அடித்த மேளத்தைக் கம்ப்யூட்டரில் அதனோடு சேர்த்தால், ஒவ்வொரு அடியும் அந்த இடத்திலேயே அடித்த மாதிரி கேட்கும். முதலில் பலூன் உடைத்துப் பார்த்தேன். கிட்டங்கி அதை மதிக்கவே இல்லை. எனவே ஒரு அணுகுண்டு வெடி வாங்கினேன். டிராக்டர்கள் ஓய்ந்த அந்திநேரத்தில், மைக்கை நடுவில் நிறுத்தி, பதிவை ஓடவிட்டுத் திரியைப் பற்றவைத்தேன்.

ஆகா, என்ன சத்தம்! கல்லெல்லாம் பாடியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அது அடங்குவதற்குள் வெளியே இன்னொரு வெடி. பிறகு கிழக்கே இரண்டு. பிறகு ஊர் முழுக்க.

நான் தென்காசி டவுன்காரன். வெடி என்றால் எனக்குத் தீபாவளி. வடகரையில் வெடி என்றால் தோப்புக்குள் யானை. முதலில் பார்த்தவர் ஒன்று போடுவார். கேட்டவர்கள் எல்லாரும் பதில் வெடி போட்டாக வேண்டும். போடாதவன் தோப்புக்குள்தான் யானை திரும்பும் என்பது ஊர்க் கணக்கு. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே ஓசை மட்டும்தான் வந்தது. தகர டப்பா தட்டிக்கொண்டு பாதி ஊர் ஓடிவந்தது. எல்லாருக்கும் முன்னால், வேட்டியை மடித்துக்கட்டியபடி என் மாமனார். புகைக்குள் ஆள் தெரியாமல், மைக்கின் வாய்க்கு நேராக நின்று கத்தினார்.

"ஏலே, எவம்லே அது? நாசமாப் போறவனே, வெளிய வாலே!"

புகை விலகியது. அவர் முகம் செத்துவிட்டது.

"மாப்ள... நீங்களா?"

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. நானும்தான். இனி இந்த ஊரில் வெடியைத் தொடமுடியாது. எடுத்த பதிவில் முதல் வெடியை மட்டும் நறுக்கிச் சென்னைக்கு அனுப்பினேன். அப்படித்தான் நினைத்தேன். பதற்றத்தில் நறுக்காததை அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் சென்னைக்காரர் கூப்பிட்டார். சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை. உறுமியில் ஒரு அடி விழுந்தால் முதலில் ஊரே வெடிக்கிறதாம். அப்புறம் யாரோ நாசமாய்ப் போகச் சொல்கிறாராம். கடைசியில் அதே ஆள் 'மாப்ள, நீங்களா' என்று குழைகிறாராம். எடுப்பது பேய்க் காமெடிப் படம், இதுதான் வேண்டும், ஆனால் குரலில் கொஞ்சம் இரைப்பு இருக்கிறது, அவரைத் திரும்பப் பேசவைக்க முடியுமா என்று கேட்டார்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேனே என்று நொந்தபடி, உறுமியோடு சேர்த்து அவர் அனுப்பியதை மாமனாரிடம் போட்டுக் காட்டினேன். உறுமி அடித்தது, அவர் ஏசினார், குழைந்தார். மறுபடி அடித்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கிட்டங்கி போயிற்று என்று முடிவுகட்டினேன்.

"ஓடி வந்ததுல மூச்சு வாங்கிட்டு மாப்ள," என்றார். "நிதானமா ஏசுதேன், எடுங்க."

அன்று அந்தியில், என்ன சத்தம் கேட்டாலும் யானை கீனை ஒன்றும் இல்லை என்று தோப்புத் தோப்பாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்து மைக் முன்னால் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார், தொண்டையைச் செருமினார். வசவு வரவில்லை. எதிரில் நான் நின்றால் மரியாதைதான் வருகிறதாம். என்னைத் தூணுக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். அப்போதும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. எடுத்தார். உர வியாபாரி. கிட்டங்கியை எப்போது தருவீர்கள் என்று கேட்டிருக்கிறான்.

"ஏலே, மூட்டைய வேற எங்கனயாச்சும் கொண்டு அடுக்குலே! இங்கன எங்க மாப்ள சோலி பாக்காவ!"

கிட்டங்கி முழுக்க அது சுற்றிச்சுற்றி ஒலித்தது. இரைப்பே இல்லை. பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை மட்டும் நான் சென்னைக்கு அனுப்பவில்லை.